கருவி வாங்கப் பணம் உண்டு, இயக்கப் பணம் எங்கே? பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கான அரசு நிதி குறித்து

தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுக் கருவிகள் வாங்கவும் ஆய்வகங்களைச் சீரமைக்கவும் அரசு எந்தெந்த வழிகளில் பணம் தருகிறது என்பது முதல் கேள்வி. அப்படிக் கிடைத்த பணத்தில் முன்பு வாங்கிய கருவி உங்கள் துறையிலேயே பூட்டிய அறைக்குள் கிடக்கும்போது, புதிய கருவிக்கு மறுபடியும் விண்ணப்பிப்பதில் நியாயம் உண்டா என்பது இரண்டாவது. பல ஆண்டுகள் கொள்முதல் குழுக்களிலும் ஒரு மையக் கருவியகத்தின் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவது கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. பணம் எந்த வடிவில் வருகிறதோ அந்த வடிவமே கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆகையால் இரண்டையும் சேர்த்தே விளக்குகிறேன்.

ஒரு பல்கலைக்கழகத் துறைக்குக் கருவி கிடைக்கும் முதன்மையான வழி, ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபிஸ்ட் திட்டம். இதன் சிறப்பு, பணம் தனி ஆய்வாளருக்கு வராமல் துறைக்கு வருவது. ஒப்புதல் ஐந்தாண்டுக் காலத்துக்கு வழங்கப்படுகிறது; கருவியோடு ஆய்வகக் கட்டமைப்பு, கணினி வசதி, பராமரிப்பு ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு. தனி ஆய்வாளரின் திட்டப் பணத்திலும் கருவி வாங்கலாம். முன்பு செர்ப் எனப்பட்ட அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அப்படித்தான் ஏராளமான கருவிகளுக்குப் பணம் கொடுத்தது. ஆனால் அப்படி வாங்கிய கருவி அந்த ஆய்வாளரின் அறையிலேயே இருக்கும், அவருடைய மாணவர்கள் மட்டும் அதைத் தொடுவார்கள், அவர் ஓய்வு பெற்றாலோ வேறு ஊருக்குப் போனாலோ கேட்பாரற்றுப் போகும். துறையின் பெயரில் வந்த கருவிக்கு அந்த ஆபத்து குறைவு என்பதால்தான் ஃபிஸ்டை நான் எப்போதும் ஆதரித்து வந்திருக்கிறேன். இதே துறை நடத்தும் பர்ஸ் திட்டம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீடுகளை அளவுகோலாகக் கொண்டு முழுப் பல்கலைக்கழகத்துக்கும் பணம் தருகிறது. மகளிர் பல்கலைக்கழகங்களுக்கென்றே க்யூரி என்ற திட்டம் வந்தது. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனமும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் அதில் பயன்பெற்றவை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் வழி இன்று ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. முன்பு, ஒன்றிய நிதி பெறத் தகுதி தரும் மானியக் குழுச் சட்டத்தின் 12-பி பிரிவின் கீழ் வரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு ஒருமுறை வளர்ச்சி மானியம் பெற்றது. சிறந்த துறைகளுக்குச் சிறப்பு உதவித் திட்டம் என்ற பெயரில் படிப்படியாக உயரும் நிதியும் கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் 1952-இல் தலைமையேற்று வளர்த்த இயற்பியல் துறையின் வழிவந்த படிகவியல், உயிர் இயற்பியல் துறை, மானியக் குழுவின் உயராய்வு மையமாக நெடுங்காலம் இயங்கியது இந்த ஏற்பாட்டில்தான். 2017 மார்ச்சில் 12-ஆம் ஐந்தாண்டுத் திட்டத்தோடு திட்டக்கால முறையே முடிவுக்கு வந்தது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கான ஒன்றிய அரசின் உதவி, 2013-இல் தொடங்கிய ரூசா திட்டத்தின் வழியாக, மாநில அரசும் பங்கு போட வேண்டிய முறைக்கு மாறியது. மாநிலத்தின் பங்கு தாமதமானால் ஒன்றியத்தின் அடுத்த தவணையும் தாமதமாகும். கட்டடத்தைப் பாதியில் நிறுத்தி வைத்து இதைச் சமாளிக்கலாம். மேலை நாட்டு நிறுவனம் ஒன்றிடம் ஆர்டர் கொடுத்த கருவியைப் பாதியில் நிறுத்த முடியாது.

எல்லாத் துறைக்கும் எல்லாக் கருவியையும் வாங்கித் தர எந்த அரசாலும் முடியாது என்பதால், பொதுக் கருவியகங்கள் என்ற இன்னொரு வழியும் இருக்கிறது. 1970-களில் வட்டாரக் கருவி மையங்களாகத் தொடங்கிப் பின்னர் சைஃப் என்று பெயர் பெற்றவை இவற்றுள் மூத்தவை. சென்னை ஐ.ஐ.டி., மும்பை ஐ.ஐ.டி., சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம், ஷில்லாங் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் இவை உள்ளன. கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மையத்தையும் நம் பக்கத்து ஆய்வாளர்கள் நிறையப் பயன்படுத்துகிறார்கள். இந்த ஏற்பாட்டின் பயனை உணர, தமிழ்நாட்டுக் கல்லூரி இயற்பியல் துறைகளில் நடந்துவரும் படிக வளர்ப்பு ஆய்வைப் பார்த்தாலே போதும். ஒரு முகவை, நிறைவுற்ற கரைசல், மேலே துளையிட்ட தாள், அசையாத மேசை, சில வாரப் பொறுமை: நேரிலியல் ஒளியியல் பண்புள்ள படிகம் வளர்ந்துவிடும். ஆனால் வளர்ந்தது என்ன படிகம் என்று உறுதி செய்ய ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் கருவி வேண்டும். அது அந்தக் கல்லூரியால் எந்தக் காலத்திலும் வாங்க முடியாதது. ஆகவே படிகம் சிறு குப்பியில் சென்னை ஐ.ஐ.டி. சைஃபுக்குப் போகும், கட்டணம் கட்டி, முறை வரும்வரை காத்திருந்தால் தரவு வரும். நம் மாநிலத்தில் இத்துறையில் வந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரைகளைப் புரட்டுங்கள். அந்தக் கருவியகத்தின் பெயர் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது தெரியும். ஒரே இடத்தில் நன்றாக இயங்கும் ஒரு கருவி, ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஆராய்ச்சியைச் சாத்தியமாக்கியது.

அதைவிடப் பெரிய கருவிகளுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான மையங்கள் இருக்கின்றன. தில்லியில் 1984-இல் தொடங்கிய அணுக்கரு அறிவியல் மையம், இப்போது இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், துகள் முடுக்கியைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்து இந்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்தும் கூட்டமைப்புக்கு நமக்கு அருகில் கல்பாக்கத்தில் ஒரு கிளை உண்டு. ஏற்கப்பட்ட ஆய்வு முன்மொழிவோடு போகும் மாணவர் பணம் கட்டாமலே அங்கே அளவீடு செய்யலாம். மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி நம் நாட்டில் இல்லை என்பது என் கருத்து. தமிழ்நாட்டிலிருந்து இன்னும் நிறையப் பேர் விண்ணப்பிக்க வேண்டும்.

வழிகள் இத்தனை இருந்தும் பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் மனம் கனக்கும். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடும் மொத்தத் தொகையே உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடுதான். அதற்குள், 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் வந்தபோது ஒன்றிய அரசே எடுத்துச்சொன்ன கணக்கின்படி, செர்ப் வழங்கிய நிதியில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஐ.ஐ.டி.களுக்கும் 11 விழுக்காடு மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றிருந்தது. நாட்டின் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான். செர்ப்புக்குப் பதிலாக வந்த இந்தப் புதிய அறக்கட்டளை இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் நோக்கில், வலுவான நிறுவனம் ஒன்றை மையமாகவும் வளர வேண்டிய பல்கலைக்கழகங்களை அதன் கிளைகளாகவும் இணைக்கும் ‘பேர்’ (PAIR) என்ற திட்டத்தை நடத்துகிறது. நல்ல முயற்சி. ஆனால் கிளையாக இருக்கும் பல்கலைக்கழகத்தின் மாணவர் மையத்துக்குப் போய்வந்தால் மட்டும் போதாது. தன் ஊரிலும் அன்றாடம் தொடக்கூடிய கருவி ஒன்றாவது இயங்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒன்றிய அரசின் மானியம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வரும்போது ஒரே தொகையாக வருவதில்லை. மூலதனச் சொத்து உருவாக்கத்துக்கான மானியம், பொது மானியம், சம்பள மானியம் என்று மூன்று கணக்குத் தலைப்புகளாகப் பிரிந்தே வரும். அரசின் கணக்குப் புத்தகத்தில் இவற்றின் எண்கள் 35, 31, 36. கருவி விலை 35-இல் வரும். பராமரிப்பு, எரிவாயு, உதிரிப் பாகம் ஆகியவை 31-இல் வரும். ஒரு தலைப்பில் மீந்த பணத்தை, கொடுத்தவரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் இன்னொரு தலைப்பில் செலவிடக் கூடாது. இந்தப் பிரிவினையில் தவறில்லை. பொதுப் பணத்துக்கு அந்த ஒழுங்கு தேவை. சிக்கல், 35-ஆம் தலைப்பில் கோடிகள் ஒதுக்கப்படும்போது 31-இல் மிகச் சிறிய தொகையே ஒதுக்கப்படுவதிலும், அந்தச் சிறிய தொகையும் திட்டக் காலத்தோடு நின்றுவிடுவதிலும் இருக்கிறது. சொத்து கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழா நடத்தலாம். ஆண்டறிக்கையில் படம் போடலாம். அந்தக் கருவி 7-ஆம் ஆண்டில் ஓடிக்கொண்டிருப்பதை எந்த அறிக்கையும் கேட்பதில்லை. கிணறு வெட்ட மானியம் உண்டு, கயிற்றுக்கும் வாளிக்கும் கிடையாது என்ற நிலைதான் இது.

உங்கள் துறைக்கு நன்கு பழக்கமான, மூலக்கூறின் அமைப்பை வலுவான காந்தப்புலத்தின் உதவியால் கண்டறியும் என்.எம்.ஆர். கருவியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும், மின்தடையின்றி மின்னோட்டத்தைக் கடத்தும் மீக்கடத்திச் சுருள் −269 டிகிரி செல்சியஸில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கும். அந்த ஹீலியம் விரைவில் ஆவியாகாமல் இருக்க அதைச் சுற்றி −196 டிகிரியில் திரவ நைட்ரஜன் நிற்கும். நைட்ரஜனை வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ ஊற்ற வேண்டும். ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். அந்தக் காந்தத்துக்கு விடுமுறை கிடையாது: யாரும் அளவீடு செய்யாத கோடை விடுமுறையிலும், பெருந்தொற்றுக் காலத்தில் வளாகமே மூடியிருந்தபோதும், அதற்கு ஊற்றியே ஆக வேண்டியிருந்தது. ஹீலியம் மட்டம் எல்லைக்குக் கீழே இறங்கினால் சுருள் மீக்கடத்தும் தன்மையை இழக்கும். அதில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் முழுவதும் வெப்பமாக மாறி, எஞ்சியிருக்கும் ஹீலியம் சில நிமிடங்களில் பேரிரைச்சலோடு ஆவியாகி வெளியேறும். குவென்ச் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதன் பிறகு காந்தத்தை மறுபடி குளிர்வித்து மின்னோட்டம் ஏற்றப் பொறியாளர் வர வேண்டும், பல நூறு லிட்டர் ஹீலியம் வேண்டும், சில வேளைகளில் சுருளே பழுதாகிவிட்டிருக்கும். இந்தியா தனக்கு வேண்டிய ஹீலியத்தை வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. உலகச் சந்தையில் தட்டுப்பாடு வந்தால் விலை பல மடங்கு ஏறும்.

இப்போது இந்தக் கருவிக்கு ஹீலியம் வாங்கும் கோப்பைப் பாருங்கள். துறைத் தலைவர் குறிப்பு எழுதி, மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, நிதி அலுவலரிடம் அனுப்பி, பதிவாளர் கையெழுத்தாகி வர ஒரு மாதம் ஆகலாம். ஒவ்வொரு முறையும் அதே சுற்று. நான் பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தில், கோப்பு நிதிப் பிரிவில் இருந்தபோதே ஹீலிய மட்டம் எல்லையைத் தாண்டிவிட்டது. சில கோடி மதிப்புள்ள காந்தம் சில இலட்ச ரூபாய்க் கோப்பு ஒன்றுக்குக் காத்திருந்து போயிற்று. அங்கே யாரும் கடமை தவறவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. ஒவ்வொருவரும் விதிப்படியே நடந்தார்கள். ஆண்டு முழுவதற்கும் விலை ஒப்பந்தம் ஒன்றை முன்கூட்டியே போட்டு, நிரப்பும் நாள்களையும் அதில் குறித்துவிட்டால் இது நடந்திருக்காது. அதற்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே 31-ஆம் தலைப்பில் பணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்றக் கருவிகளுக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் மாறும். எக்ஸ்-கதிர் கருவிக்குக் குழாயும் குளிர்விப்பானும், மின்னணு நுண்ணோக்கிக்கு இழையும் வெற்றிட பம்பும், எல்லாவற்றுக்கும் யு.பி.எஸ். பேட்டரியும் தேய்ந்துகொண்டே இருப்பவை. ஏ.எம்.சி. என்று நாம் சொல்லும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குக் கருவி விலையில் 5 முதல் 10 விழுக்காடு வரை கேட்பது வழக்கம். இரண்டு கோடி ரூபாய்க் கருவிக்கு ஆண்டுக்குப் பத்து இலட்சம் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், உத்தரவாதக் காலம் முடிந்த பிந்தைய ஏழு ஆண்டுகளுக்கு எழுபது இலட்சம். மாதச் சம்பளத்துக்கே மாநில அரசின் தவணையை எதிர்பார்த்து நிற்கும் பல்கலைக்கழகம் இதை எங்கிருந்து எடுக்கும்? ஒப்பந்தம் போடாமல் விட்டுவிடுவார்கள். அடுத்த பழுதுக்குப் பொறியாளர் வருகைக் கட்டணமும் மின்னணுப் பலகை விலையும் சேர்ந்து ஒரு பெருந்தொகை சொல்லப்படும். கோப்பு சுற்றும். அறை பூட்டப்படும். உங்கள் துறையில் நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

பணத்தைவிடவும் முக்கியமானது ஆள். கருவியை நாள்தோறும் இயக்கும், அதன் சத்தத்தில் மாற்றம் வந்தாலே காரணம் சொல்லும், பதிவேட்டில் ஒவ்வொரு மாதிரியையும் எழுதி வைக்கும் நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் இல்லாத இடத்தில் எந்தக் கருவியும் நீடித்ததை நான் கண்டதில்லை. இதை முன்பே உணர்ந்துதான் மானியக் குழு, பல்கலைக்கழக அறிவியல் கருவியியல் மையங்கள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது; யூசிக் என்ற பெயரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் அவை அமைந்தன. கண்ணாடி ஊதுபவர், கடைசல் பட்டறைக்காரர், மின்னணுப் பழுது பார்ப்பவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது. அவர்கள் ஓய்வு பெற்றபோது அந்தப் பணியிடங்கள் பெரும்பாலும் நிரப்பப்படவில்லை. இன்று கருவியை இயக்குவது யார்? ஆய்வு மாணவர். மூன்றாம் ஆண்டில் அவர் கைதேர்ந்தவராவார், ஐந்தாம் ஆண்டில் பட்டம் பெற்றுப் போய்விடுவார், அடுத்தவர் முதலிலிருந்து கற்கத் தொடங்கும்போது ஏதோ ஒன்று உடையும். கருவியின் பழுதுக்கு மாணவரைக் கடிந்துகொள்ளும் பேராசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்தப் பணியிடத்தை மாணவரிடம் ஒப்படைத்தது நாம்தான்.

கொள்முதலிலும் பணம் கரைகிறது. விண்ணப்பத்தில் எழுதிய விலைக்கும் ஆர்டர் கொடுக்கும் நாளின் விலைக்கும் இடையே டாலர் மதிப்பு மாறிவிடும். 2013 மே மாதத்தில் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர், அந்த ஆண்டு ஆகஸ்டு கடைசியில் 68-ஐத் தாண்டியது. அந்தக் கோடையில் ஒப்புதல் பெற்றவர்கள் எத்தனையோ துணைக்கருவிகளை வெட்டிவிட்டு வெறும் அடிப்படைப் பதிப்பை வாங்கினார்கள். வரி இன்னொன்று. பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. பெரும்பாலான கருவிகளுக்கு இப்போது 18 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய்க் கருவிக்கு ஐந்து இலட்சமாக இருந்த வரி பதினெட்டு இலட்சமாகிறது. மானியத் தொகை அதற்கேற்ப உயரவில்லை என்றால், ஒரு கையால் கொடுத்த பணத்தில் பதின்மூன்று இலட்சத்தை அரசின் மறு கை திரும்ப எடுத்துக்கொள்கிறது என்றே பொருள். இந்த ஒரு முடிவைத் திரும்பப் பெற்றாலே, புதிய திட்டம் எதுவும் அறிவிக்காமல், எல்லா ஆய்வகங்களுக்கும் உதவி செய்ததாகும்.

ஒப்பந்தப்புள்ளி விதிகளில் அண்மையில் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2020 மே மாதத்தில் 200 கோடிக்குக் குறைந்த கொள்முதலுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது என்று விதி வந்தது. உள்நாட்டில் தயாராகாத கருவிகளுக்கும் மேலிட விலக்கு வாங்க வேண்டியிருந்ததால் மாதங்கள் வீணாயின. 2025 ஜூனில் அந்த அனுமதியைத் துணைவேந்தர்களும் நிறுவன இயக்குநர்களுமே வழங்கலாம் என்று மாற்றினார்கள். கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பையும் ஒரு இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பைப் பத்து இலட்சத்திலிருந்து இருபத்தைந்து இலட்சமாகவும் உயர்த்தினார்கள். இவை ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள். நீங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பதால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். எது எங்கே பொருந்தும் என்பதை நிதி அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தணிக்கை வரும்போது வாய்மொழி நினைவு உதவாது.

எல்-1 முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழில்நுட்பத் தகுதியில் தேறியவர்களுள் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற விதியில் குற்றமில்லை. விலை என்பதற்குள் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். கருவி விலையோடு உத்தரவாதம் முடிந்த பிறகான ஐந்தாண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்டு, இரண்டின் கூட்டுத் தொகையை ஒப்பிட்டால், மலிவாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் பராமரிப்பில் கறக்கும் வழி அடைபடும். இதை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே எழுதிவிட வேண்டும். விலை உறையைத் திறந்த பிறகு எதையும் சேர்க்க முடியாது.

இயக்கச் செலவைத் தனியே கணக்கில் எடுத்துக்கொண்ட நாடு ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கனடாவைச் சொல்வேன். 1997-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பல்கலைக்கழகக் கருவிகளுக்கும் ஆய்வகங்களுக்கும் என்றே ஒரு தனி அறக்கட்டளையை அமைத்தது. திட்டச் செலவில் 40 விழுக்காடு வரை அது தரும். மீதியை மாகாண அரசும் பல்கலைக்கழகமும் பிறரும் போட வேண்டும். சில ஆண்டுகளிலேயே, கருவிகள் வந்தும் அவற்றை இயக்கப் பல்கலைக்கழகங்கள் திணறுவதைக் கண்டு, 2001-இல் இயக்கச் செலவு நிதி என்று தனியாக ஒன்றை ஏற்படுத்தினார்கள். அறக்கட்டளை கருவிக்கு எவ்வளவு தந்ததோ அதில் 30 விழுக்காட்டுக்கு இணையான தொகை, பணியாளர் சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் உதிரிப் பாகங்களுக்கும் கிடைக்கும். பணக்கார நாடு என்பதால் அவர்களால் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒதுக்கீடு பத்துக் கோடி என்றால், பத்துக் கோடிக்கும் கருவி வாங்குவதற்குப் பதில் ஏழரைக் கோடிக்குக் கருவியும் இரண்டரைக் கோடிக்கு அதன் இயக்கமும் என்று பிரிக்க எந்த நாட்டுக்கும் கூடுதல் பணம் தேவையில்லை. நம்மிடம் இருக்கும் பணத்தையே கருவி எண்ணிக்கையால் அளக்காமல், கிடைத்த அளவீட்டு மணிநேரத்தால் அளந்தால் போதும். 2020 ஜனவரியில் பெங்களூரு அறிவியல் மாநாட்டில் தொடங்கி வைக்கப்பட்ட ஐ-ஸ்டெம் தளத்தில் நாடெங்கும் உள்ள கருவிகள் பட்டியலிடப்படுகின்றன. அதே தளத்தில் ஒவ்வொரு கருவியும் கடந்த ஆண்டு எத்தனை மணிநேரம் இயங்கியது, வெளியாருக்கு எத்தனை மாதிரி அளந்தது என்ற விவரத்தையும் கட்டாயமாக்கி, அடுத்த மானியத்தை அதோடு இணைத்தால் பூட்டிய அறைகள் பல திறக்கும்.

ஆகவே விண்ணப்பிக்கலாமா என்றால், விண்ணப்பியுங்கள். பழைய கருவி முடங்கியதற்காக உங்கள் மாணவர்களைத் தண்டிப்பதில் நியாயமில்லை. ஆனால் பழைய கருவியைக் குழுவிடம் மறைக்க வேண்டாம். அதன் பதிவேட்டை எடுத்து, எந்த ஆண்டு வரை எத்தனை மாதிரிகள் அளக்கப்பட்டன, எந்தப் பலகை பழுதானது, சரி செய்ய நிறுவனம் எவ்வளவு கேட்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு சேருங்கள். பழுது நீக்கும் செலவு புதிய கருவி விலையில் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்கினால், புதியதைக் கேட்பதைவிட அதைச் சீர்செய்யவே கேளுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிக் கேட்கும் துறை மீது மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

புதிய கருவி கேட்பதாக இருந்தால் மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அறை தரைத்தளத்தில் தயாராக இருக்கிறது, மின் இணைப்பும் நிலத்தொடர்பும் குளிரூட்டியும் இன்ன தேதிக்குள் முடியும் என்ற பொறியியல் பிரிவின் கடிதம் முதலாவது. கருவி வந்து இறங்கிய பிறகு அறைக்காக ஓராண்டு பெட்டியிலேயே கிடந்து, உத்தரவாதக் காலம் அங்கேயே கரைவது மிக அடிக்கடி நடக்கிறது. ஒரு தொழில்நுட்பப் பணியாளரைத் திட்டக் காலத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்வோம் என்ற ஆட்சிக்குழுத் தீர்மானம் இரண்டாவது. மற்ற இரண்டையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டுப் பெற வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள். வெளிக் கல்லூரிகளிடமிருந்தும் தொழிற்சாலைகளிடமிருந்தும் வரும் அளவீட்டுக் கட்டணம் பல்கலைக்கழகப் பொதுக் கணக்கில் கலக்காமல் கருவியின் பெயரில் தனிக் கணக்கில் சேரும் என்ற நிதிக் குழுவின் ஒப்புதல் மூன்றாவது. நாமக்கல் முட்டைப் பண்ணைத் தீவன ஆய்வானாலும் திருப்பூர்ச் சாயக் கழிவு ஆய்வானாலும், உங்கள் ஊரைச் சுற்றி அளவீடு தேவைப்படும் தொழில்கள் இருக்கின்றன. அந்த வருவாய் முழுச் செலவையும் ஈடுகட்டாது என்றாலும், கோப்பு சுற்றிவரும் மாதத்தில் நைட்ரஜன் வாங்கவும் ஒரு பேட்டரி மாற்றவும் அது போதும். இந்த மூன்றும் கிடைத்த பிறகு கொட்டேஷன் கேளுங்கள். விலையில் வரியை 18 விழுக்காடாகவும், டாலரை இன்றைய மதிப்பைவிடச் சற்று உயர்த்தியும் கணக்கிட்டு எழுதுங்கள். யூ.சி. எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழை ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலிலேயே 12-ஏ படிவத்தில் அனுப்பிவிடுங்கள். பணம் பிந்தி வந்தால் நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் எல்.சி. எனப்படும் வங்கியின் பண உறுதிக் கடிதத்தைத் திறந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் தவறான கருவியை வாங்க நேரிடும்; முந்தைய ஆண்டின் சான்றிதழ் தாமதமானதே அந்தப் பிந்தலுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.